காரின் பின்பக்க ஷாக் அப்சார்பரையும் புஷ்களையும் வீட்டிலேயே மாற்ற முடியுமா?

மேடுபள்ளமான ஊர்ச் சாலையில் போகும்போது பின்பக்கத்திலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் வருகிறது, ஷாக் அப்சார்பரையும் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய் உருளை) புஷ்களையும் (இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளைகள்) வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கும் நான் என் பழைய ஹேட்ச்பேக் காருக்கு இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். இரண்டாம் முறை மாற்ற நேர்ந்ததற்கு முதல் முறை நான் செய்த ஒரு தவறே காரணம். அந்தத் தவறு உங்களுக்கும் நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் டிக்கியைக் காலி செய்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும். அப்போதும் சத்தம் நிற்கவில்லை என்றால் ஷாக்கின் உடலில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருக்கிறதா, அடிப்பக்கத்தில் போல்ட் நுழையும் வளையத்தில் இருக்கும் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஒரு பக்கம்தான் கெட்டிருக்கிறது என்றாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் வண்டி இரு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

நம் பகுதியின் வண்டல் மண்ணில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு, ஜாக்கி மெல்ல மெல்லப் புதைந்து சாய்ந்துவிடும் என்பதால், சிமெண்டுத் தளம் இல்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். நெல் காயவைக்கும் களம் சமமாக இருந்தால் அதுவே போதும். பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அவற்றைத் தூக்கிவிட்ட பிறகு அதனால் பயனில்லை. ஆகவே, முன்சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை வைத்து, முன்சக்கர இயக்கக் கார் என்றால் முதல் கியரிலும் போட்டுவிடுங்கள். வண்டியைத் தூக்கியவுடன் இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகளில் (வண்டியின் எடையைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கிகள்) நிறுத்திவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

ஸ்விஃப்ட், ஐ20, போலோ போன்ற கார்களில் பின்சக்கரங்கள் இரண்டையும் டார்ஷன் பீம் என்ற ஒரே உத்திரம் இணைக்கிறது. ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் இருக்கும். சக்கரம் அளவுக்கு மீறிக் கீழே தொங்கிவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஷாக்தான் என்பதால், அதன் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் பீமுக்கு அடியில் இன்னொரு ஜாக்கியை முட்டுக்கொடுத்தாக வேண்டும். மறந்தால் பீம் சட்டென்று இறங்கி, பிரேக் எண்ணெய் செல்லும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸ் இழுபடும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள கார் என்றால் அதன் சென்சார் வயரும் அறுந்துபோகலாம். பிறகு அந்த ஜாக்கியை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங்கின் இறுக்கம் தானாகத் தளரும். திரும்பப் பொருத்தும்போது ஸ்பிரிங்கின் முனை, ரப்பர் இருக்கையில் அதற்கென்று உள்ள படியில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகக் கோத்திருக்கும் வகை என்றால், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்ற கருவி இல்லாமல் மேல் நட்டைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் ஆளையே கொல்லக்கூடியது.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் ஓடிய வண்டிகளில் போல்ட் துருவேறி இறுகியிருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். புதிய ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுதாக அழுத்தி இழுத்த பிறகே பொருத்துங்கள், உள்ளே புகுந்திருக்கும் காற்று வெளியேறிவிடும். அதன் தண்டைக் குறட்டால் பிடிக்கக் கூடாது. பளபளப்பான பரப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் அது எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலைக் கிழித்துவிடும்.

இனி நான் செய்த தவறு. சக்கரங்கள் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தபோதே எல்லாப் போல்ட்டுகளையும் முழுமையாக இறுக்கிவிட்டேன். புஷ்ஷின் உள்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு ஒட்டியிருப்பவை. போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாமல் பிடிபட்டுவிடும். அதன்பின் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினால், நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில்தான் இருக்கும். ஒவ்வொரு பள்ளமும் அதை இன்னும் முறுக்கும். எட்டே மாதத்தில் என் புஷ்கள் கிழிந்து பழைய சத்தம் திரும்பி வந்தது.

ஆகவே போல்ட்டுகளைக் கையால் ஓரளவு முடுக்கி, சக்கரங்களை மாட்டி, வண்டியின் எடை முழுவதும் சக்கரங்களில் இறங்கிய பிறகே இறுதியாக இறுக்குங்கள். அடியில் கை நுழைய இடமில்லை என்றால், ஸ்டாண்டிலிருந்து வண்டியின் உடல் சற்றே விலகும் அளவுக்குப் பீமை ஜாக்கியால் உயர்த்தி இறுக்கலாம். எவ்வளவு இறுக்கம் என்பதை உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். நைலான் பூட்டு உள்ள நட்டுகளை மறுபடி பயன்படுத்தாமல் புதிதாகவே வாங்குங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை சரிபார்ப்பது நல்லது.

பீமின் முன்முனையில் இருக்கும் பெரிய புஷ்களைப் பிரஸ் இயந்திரம் இல்லாமல் மாற்றுவது கடினம், அதை மட்டும் பட்டறையில் கொடுத்துவிடலாம். அங்கேயும் வண்டி தரையில் நிற்கும் நிலையில்தான் கடைசியாக இறுக்க வேண்டும் என்று மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லி, இறுக்கும்போது கூடவே நின்று பாருங்கள்.