ஊரிலேயே மூத்த கட்டடம் எது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு வழிபாட்டுத் தலமும் ஒரு பழைய மாளிகையும் இருக்கின்றன. எது மூத்தது என்று ஓயாத சண்டை. இரண்டின் வாசலிலும் ஆண்டு பொறித்த கல் இருக்கிறது. அதை நம்பலாமா?

பதில்: வாசலில் பதித்த கல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் அந்த இடம் தொடங்கிய ஆண்டைத்தான் சொல்லும், நீங்கள் சாய்ந்து நிற்கிற சுவர் எழுந்த ஆண்டை அல்ல. ரோமாபுரியில் உள்ள பாந்தியன் என்ற பழைய கோயிலைப் பாருங்கள். மார்க்கஸ் அக்ரிப்பா என்ற ரோமானியத் தலைவர் மூன்றாம் முறை கான்சலாக, அதாவது ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் உயர் அதிகாரியாக, இருந்தபோது கட்டினார் என்று அதன் முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, அப்படியென்றால் கி.மு. 27. ஆனால் அக்ரிப்பா கட்டியது தீயில் போய்விட்டது. இப்போது நிற்பது ஹாட்ரியன் பேரரசர் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்த கட்டடம். புதிதாகக் கட்டியும் முகப்பில் பழைய பெயரையே போட்டுவிட்டார்கள்! படித்தவர்களே நெடுங்காலம் இதில் ஏமாந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுவருக்குள் இருந்த செங்கற்களில், அவை செய்த காலத்தைக் காட்டும் முத்திரைகளைப் பார்த்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. சுருக்கமாக, முகப்பு சொல்வது ஒன்று, செங்கல் சொல்வது வேறொன்று என்றால் நான் செங்கல் பக்கம்தான்.

கேள்வி: மரக் கட்டடமென்றால் மரத்தின் வயதை வைத்தே சொல்லிவிடலாமே?

பதில்: ஓரளவுக்குத்தான். ஜப்பானின் நாரா பகுதியில் உள்ள ஹோரியூஜி ஆலயத்தின் ஐந்தடுக்குக் கோபுரம், இன்று உலகில் நிற்கும் மிகப் பழைய மரக் கட்டடங்களில் ஒன்று. அதன் நடுத்தூணின் ஆண்டு வளையங்களை, காலம் தெரிந்த மற்ற மரங்களின் வளையங்களோடு ஒப்பிட்டபோது அந்த மரம் 594 வாக்கில் வெட்டப்பட்டதென்று தெரிந்தது. ஆனால் ஜப்பானின் பழைய வரலாற்று நூலோ 670-இல் ஆலயம் முழுக்க எரிந்துபோனது என்கிறது! எரிந்த பிறகு எழுப்பிய கோபுரத்தில் எரிவதற்கு முந்தைய மரம் எப்படி வந்தது? வெட்டிப் பத்திரப்படுத்தி வைத்ததா, வேறு கட்டடத்திலிருந்து பிரித்து எடுத்ததா என்று வாதம் நடக்கிறது. நல்ல உத்தரத்தை யாரும் வீணாக்க மாட்டார்கள், அதனால் மரத்தின் வயதும் கட்டடத்தின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. செங்கல்லுக்கும் இதே கதைதான்.

கேள்வி: திரும்பத் திரும்பப் புதுப்பித்து, பழைய கல் ஒன்றுகூட மிஞ்சவில்லையென்றால் அதைப் பழைய கட்டடம் என்று சொல்லலாமா?

பதில்: அதே ஜப்பானில் இசே ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுவார்கள். கடைசியாக 2013-இல் நடந்தது. வடிவமும் தச்சுத் தொழிலும் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டவை, மரம் மட்டும் நேற்றையது. அதைப் பழைய மரபு என்று தயங்காமல் சொல்வேன், பழைய கட்டடம் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: எங்கே பார்த்தாலும் கோயில், கோட்டை, கல்லறை மட்டும் மிஞ்சுகின்றன. சாதாரண சனங்களின் வீடுகள் எங்கே போயின?

பதில்: மண்ணோடு மண்ணாகப் போயின, வேறென்ன? மண், மூங்கில், ஓலை எல்லாம் ஆண்டுதோறும் கவனிப்பு கேட்பவை. அரசர்களுக்கும் இந்தக் கவலை இருந்தது. மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து செய்த கோயிலில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் இதைச் செய்தேன் என்று கல்வெட்டில் பெருமையாகப் பொறித்திருக்கிறார், அப்படியென்றால் அதுவரை கோயில்கள் எவற்றால் கட்டப்பட்டன என்று யோசித்துக்கொள்ளுங்கள். வீடு அபூர்வமாகத் தப்புவதும் உண்டு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் நாப் ஆஃப் ஹோவர் என்ற கல்வீடு 5,000 ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. அங்கே மரம் அரிது, அதனால் கல்லில் கட்டினார்கள், அப்புறம் மணல் மூடிக்கொண்டது. யாரும் இடித்துக் கல்லை எடுத்துப்போக வழியில்லை.

கேள்வி: நிபுணர் இல்லாமல் நாமே எதையாவது கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: நிறையவே. பூச்சு உதிர்ந்த இடத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். வரிசை வரிசையாக மாறி மாறி அடுக்கிய செங்கல் நடுவே, மேலிருந்து கீழாக ஒரே நேர்கோட்டில் இணைப்பு ஓடினால், அங்கே இரண்டு சுவர்கள் வெவ்வேறு காலத்தில் ஒட்டியிருக்கின்றன, அல்லது ஒரு வாசலை அடைத்திருக்கிறார்கள். செங்கல் அளவு திடீரென்று மாறுவதும் அப்படித்தான். அப்புறம் பரணில் ஏறி உத்தரத்தின் மேல் டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடியுங்கள். வாய்ச்சியால் செதுக்கிய மரத்தில் ஆழமில்லாத குழிகள் அலையலையாகத் தெரியும், வட்ட ரம்பம் அறுத்ததில் வில்போல வளைந்த கீறல்கள் இருக்கும். வட்ட ரம்பம் பரவலானது 19-ஆம் நூற்றாண்டில்தான், அந்தக் கீறலைப் பார்த்துவிட்டால் ஐந்நூறு வருட உத்தரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: எங்கள் பழைய வீட்டுச் சுவரில் ஈரம் ஏறுகிறது. சிமெண்ட் பூசிவிடலாமா?

பதில்: வேண்டாம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கி, சில வருடங்களில் பூச்சோடு சேர்த்துச் செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். முதலில் கூரையையும் மழைநீர் போகிற வழியையும் பாருங்கள், பிறகு சுண்ணாம்பே பூசுங்கள். வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் கஷ்டம்.