பிளாக்பேர்ட் ஏன் பழுப்பாக இருக்கிறது?

கேள்வி: இங்கிலாந்துக்குக் குடிவந்தபின் பறவை பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். பெயரை நம்பித் தேடினால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. பிளாக்பேர்ட் என்று ஒருவர் காட்டியது பழுப்பாக இருந்தது. ஹெட்ஜ் ஸ்பாரோ சிட்டுக்குருவி இனமே இல்லையாம். அடையாளம் காண இந்தப் பெயர்கள் உதவுமா?

பதில்: நன்றாகவே உதவும். ஆனால் சொல்லின் இன்றைய பொருளை மட்டும் நம்பக் கூடாது. பல பெயர்கள் பழைய ஆங்கிலத்தில் பிறந்தவை. கண்ணில் பட்டதை அப்படியே சொல்லி வைத்தார்கள். பிறகு அந்தச் சொல் வழக்கொழிந்து, பெயர் மட்டும் உருமாறி நிற்கிறது.

வீட்இயர் என்ற பறவையைப் பாருங்கள். பெயரில் 'வீட்' (கோதுமை), 'இயர்' (காது) என்று கேட்டாலும் இரண்டுக்கும் அதில் இடமே இல்லை. 'வெள்ளைப் பிட்டம்' என்பதுதான் மூலப்பொருள். கடைசியில் இருந்த 'ஸ்' ஒலியைப் பன்மை என்று நினைத்துப் பிற்காலத்தார் நீக்கிவிட்டார்கள். இது மார்ச் மாதவாக்கில் ஆப்பிரிக்காவிலிருந்து வரும். குட்டைப் புல் தரையில் நிமிர்ந்து நிற்கும். நீங்கள் நெருங்கினால் தாழப் பறந்து விலகும். அப்போது பாருங்கள்: பின்புறம் பளிச்சென்று வெள்ளை, வாலில் தலைகீழான ஆங்கில 'டி' எழுத்துப் போலக் கறுப்பு. வேறு எதையும் பார்க்க வேண்டாம், அது வீட்இயர்தான்.

ரெட்ஸ்டார்ட்டும் அதே கதைதான். இங்கே 'ஸ்டார்ட்' என்றால் வால். ஆணோ பெண்ணோ, துருச்சிவப்பு வாலை நடுக்கிக்கொண்டே இருக்கும்.

ராபினுக்குப் பழைய பெயர் ரெட்பிரெஸ்ட், அதாவது செம்மார்பு. மார்பு ஆரஞ்சு நிறம்தானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் ஆரஞ்சுப் பழம் இங்கிலாந்துக்கு வந்து, நிறத்துக்கும் அதன் பெயரே நிலைத்தது 16ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் அந்த நிறத்தையும் சிவப்பு என்றே சொன்னார்கள். ராபின் என்பது ராபர்ட்டின் செல்லப் பெயர். வீட்டுப் பிள்ளையைப் போல அழைக்கத் தொடங்கி, பிற்பாடு அதுவே பெயராகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த பெயர்க்கதை இது. அமெரிக்காவில் ராபின் என்றால் வேறு பறவை. அங்கே குடியேறியவர்கள் சிவந்த மார்பைப் பார்த்து ஊர் நினைவில் வைத்த பெயர். இனத்தால் அது பிளாக்பேர்டுக்குத்தான் நெருங்கிய உறவு.

சரி, நீங்கள் கேட்ட பிளாக்பேர்ட். நிறத்தை வைத்து இட்ட பெயர்களில் பல ஆண் பறவைக்கு மட்டுமே பொருந்தும். ஆண் கன்னங்கரேல், அலகு மஞ்சள். நீங்கள் பார்த்தது பெண்ணாக இருக்கலாம். பிளாக்கேப் (கறுப்புத் தொப்பி) என்ற பறவையிலும் பெண்ணின் உச்சந்தலை செம்பழுப்புதான். ஸ்பாரோ என்பதோ ஒரு காலத்தில் சின்னப் பழுப்புப் பறவை எதற்கும் பொதுப்பெயர். ஹெட்ஜ் ஸ்பாரோவை இப்போது டன்னக் என்கிறார்கள். 'டன்' என்றால் மங்கிய பழுப்பு. அலகைக் கவனியுங்கள்: டன்னக்குக்கு ஊசி போல மெல்லியது, சிட்டுக்குருவிக்குத் தடித்தது.

என்னைக் கேட்டால், குரலை வைத்து வந்த பெயர்களைத்தான் முதலில் பழகச் சொல்வேன். சிஃப்சாஃப் தன் பெயரையே 'சிஃப், சாஃப்' என்று திரும்பத் திரும்பச் சொல்லும். வில்லோ வார்ப்ளர் பார்வைக்கு ஏறக்குறைய அதேதான். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கில இயற்கையியலாளர் கில்பர்ட் வைட் இவற்றைப் பிரித்தறிந்ததும் பாட்டை வைத்தே. வில்லோ வார்ப்ளரின் பாட்டு மேலிருந்து படிப்படியாக இறங்கித் தேயும். இலைமறைவில் பறவை தெரியாவிட்டாலும், காது போதும்.