கர்ணன், அர்ச்சுனன்: யார் சிறந்த வீரன்?

இலங்கை மலையகத் தோட்டங்களில் அர்ச்சுனன் தபசு கூத்து பார்த்து வளர்ந்தவர்களிடையே ஓயாத வழக்கு இது. வில்வித்தையில் அர்ச்சுனனே மேல். கவசகுண்டலம் போனதால்தான் கர்ணன் தோற்றான் என்பார்கள்; அவை உடலில் இருந்தபோதே, பாஞ்சாலி சுயம்வரத்தில் அந்தண வேடமிட்ட அர்ச்சுனனோடு மோதிப் பின்வாங்கியவன் அவன். விராட நாட்டில் அர்ச்சுனன் பீஷ்மர், துரோணர், கர்ணன் எல்லோரையும் தனியாக முறியடித்தான். அன்று தேரோட்டியது கண்ணன்கூட அல்ல, விராட இளவரசன் உத்தரன்!

மானம் வேறு கணக்கு. பாரதப் போரின் 13ஆம் நாளில் அபிமன்யுவின் வில்லை அறுத்த பழி கர்ணனுக்கு உண்டு. 17ஆம் நாளில், புதைந்த தேர்ச்சக்கரத்தைக் கைகளால் தூக்கிக்கொண்டிருந்தவன்மீது அம்பெய்த பழி அர்ச்சுனனுக்கு. ஆனாலும் என் மனம் கர்ணன் பக்கமே சாய்கிறது. குந்திக்குக் கொடுத்த வாக்குக்காக, கையில் சிக்கிய பீமனை வில் நுனியால் தொட்டுவிட்டு உயிரோடு விட்டானே!