ஜனாதிபதி கொடுத்த மன்னிப்பை நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்தலாமா?

கேள்வி: பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர் எல்லைவேலித் தகராறு ஒன்றில் என் தம்பி வெட்டிக் கொல்லப்பட்டான். மேல் நீதிமன்றம் எதிரிக்கு மரண தண்டனை விதித்தது. மேன்முறையீட்டிலும் தீர்ப்பு உறுதியானது. பத்தொன்பது நாட்களுக்கு முன்னர் அந்த மனிதரைச் சந்தையில் கண்டதாக அயலவர் சொன்னார். விசாரித்தபோது ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் வந்துவிட்டார் என்கிறார்கள். எங்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜனாதிபதி செய்ததற்கு எதிராக வழக்கே போட முடியாது என்று ஓர் அலுவலகத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது உண்மையா? (வாசகி, மட்டக்களப்பு மாவட்டம்)

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்றது ‘பத்தொன்பது நாட்கள்’ என்ற சொல்லில்தான். அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை கொடுத்திருக்கும் காலம் ஒரு மாதம். மன்னிப்பு வழங்கப்பட்ட நாள் உங்களுக்குத் தெரியாமல் இருந்திருந்தால், தெரியவந்த நாளிலிருந்து அந்த மாதத்தைக் கணக்கிட வேண்டும் என்று வாதிடலாம். நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்ட சந்தர்ப்பங்களும் உண்டு. ஆனால் யார், எந்த நாளில், எவ்விதம் சொல்லித் தெரிந்துகொண்டீர்கள் என்பதைச் சத்தியக்கடதாசியில் தெளிவாகக் கூற வேண்டும். இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது மேலும் ஓரிரு நாட்கள் கழிந்திருக்கும். ஆகவே கீழே உள்ளவற்றைப் படித்து முடிப்பதற்கு முன்னரே ஒரு சட்டத்தரணியைத் தொலைபேசியில் அழைத்தாலும் தவறில்லை.

அலுவலகத்தில் சொன்னது ஒரு காலத்தில் பெருமளவு உண்மையாக இருந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 35ஆம் உறுப்புரை, ஒருவர் ஜனாதிபதிப் பதவியில் இருக்கும் வரை அவர் உத்தியோக முறையிலோ தனிப்பட்ட முறையிலோ செய்த அல்லது செய்யத் தவறிய எதற்காகவும் அவருக்கு எதிராக எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நடவடிக்கை தொடங்கவோ தொடரவோ முடியாது என்று கூறுகிறது. இந்தப் பூட்டை நீதியரசர்கள் சிறிது சிறிதாகத் தளர்த்தினார்கள். 1998இல் ஐந்து மாகாண சபைகளின் தேர்தல்கள் அவசரகாலப் பிரகடனத்தின் துணையோடு நிறுத்தப்பட்டபோது, மறு ஆண்டு நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய தீர்ப்பு, வழக்கிலிருந்து கிடைக்கும் இந்த விடுபாடு ஜனாதிபதி என்ற ஆளைப் பாதுகாக்கிறதே தவிர அவருடைய செயலைச் சட்டபூர்வமாக்கிவிடுவதில்லை என்றும், அந்தச் செயலைக் காட்டித் தம்மை நியாயப்படுத்த வரும் அதிகாரிகளிடம் அதன் சட்டபூர்வத் தன்மையை விசாரிக்கலாம் என்றும் விளக்கியது. உங்களுடையது போன்ற வழக்குகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் இந்த வேறுபாடுதான்.

2015 மே மாதம் நடைமுறைக்கு வந்த 19ஆவது திருத்தம் இதை அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது. ஜனாதிபதி உத்தியோக முறையில் செய்ததையோ செய்யத் தவறியதையோ குறித்து, 126ஆம் உறுப்புரையின் கீழ், சட்டமா அதிபரை எதிர்மனுதாரராகக் காட்டி எவரும் மனுச் செய்யலாம். போரையும் சமாதானத்தையும் பிரகடனம் செய்யும் அதிகாரம் மட்டும் இதற்கு விலக்கு. 2020இல் 20ஆவது திருத்தச் சட்டமூலம் இந்த வாசலை மூட முயன்றபோது, மக்கள் தீர்ப்பு இல்லாமல் அப்படிச் செய்ய முடியாது என்று உயர் நீதிமன்றம் கூறியதால் வாசல் திறந்தே இருந்தது, இன்றும் திறந்திருக்கிறது. 2018 நவம்பர் 9ஆம் திகதி வர்த்தமானி மூலம் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது திருகோணமலை உறுப்பினர் இரா. சம்பந்தனும் மற்றவர்களும் நுழைந்தது இதன் வழியாகத்தான். நான்காம் நாளே இடைக்காலத் தடை கிடைத்தது. டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்த்தார்கள். வழக்கின் பெயரைக் கவனியுங்கள்: சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர். ஜனாதிபதியின் பெயர் அதில் இல்லை. ஆனால் தீர்ப்பு முழுவதும் அவருடைய செயலைப் பற்றியதுதான்.

மன்னிப்பு என்பது கருணையின் பாற்பட்டது, அதில் நீதிமன்றத்துக்கு என்ன வேலை என்று உங்களிடம் இனி ஒருவர் கேட்பார். அதற்கும் விடை வந்துவிட்டது. 2011இல் முல்லேரியாவில் கொல்லப்பட்ட பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திரவின் வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021 ஜூன் மாதம் மன்னிப்பு வழங்கப்பட்டது. கொல்லப்பட்டவரின் மனைவியும் மகளும் மனுச் செய்தார்கள். 2022 மே மாத இறுதியில் அந்த மன்னிப்பு இடைநிறுத்தப்பட்டு, 2024 ஜனவரி 17ஆம் திகதி முற்றாக நீக்கப்பட்டது. ‘றோயல் பார்க்’ அடுக்குமாடியில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்ட வழக்கில் 2019 நவம்பர் மாதம், அப்போதைய ஜனாதிபதி பதவி விலகும் தறுவாயில், வழங்கிய மன்னிப்பும் 2024 ஜூன் 6ஆம் திகதி செல்லாததாக்கப்பட்டது. அதை எதிர்த்து வந்தது ஒரு பெண்கள் அமைப்பு. இன்னொன்றை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. 2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்று, உயர் நீதிமன்றத்தாலும் அது உறுதிசெய்யப்பட்ட இராணுவச் சிப்பாய் 2020 மார்ச் மாதத்தில் விடுவிக்கப்பட்டபோதும் இதே 126ஆம் உறுப்புரையின் கீழ் மனுக்கள் தாக்கலாகின.

இந்தத் தீர்ப்புகளில் நீதிமன்றம் கருணையை எடைபோடவில்லை. அது பார்த்தது 34ஆம் உறுப்புரையை. மரண தண்டனை பெற்ற ஒருவருக்கு மன்னிப்பு வழங்குவதற்கு முன்னர், வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கையை ஜனாதிபதி பெற வேண்டும். அது சட்டமா அதிபருக்கு அனுப்பப்பட்டு அவருடைய ஆலோசனை பெறப்பட வேண்டும். பின்னர் இரண்டும் நீதி அமைச்சருக்குச் சென்று, அவருடைய விதப்புரையோடு ஜனாதிபதியிடம் திரும்ப வேண்டும். இந்தப் படிகளில் ஒன்று தாண்டப்பட்டிருந்தாலும், அல்லது எல்லாம் நடந்தும் காரணம் எதுவும் பதிவாகாமல் மனம் போன போக்கில் தீர்மானம் எடுக்கப்பட்டிருந்தாலும், சட்டத்தின் முன் சமத்துவத்தை உறுதிசெய்யும் 12(1)ஆம் உறுப்புரை மீறப்பட்டது என்ற வாதம் பலம் பெறுகிறது. துமிந்த சில்வா வழக்கில் ஜனாதிபதியின் தீர்மானத்துக்கு எழுத்தில் காரணம் எதுவும் இல்லாதது பெரிய குறையாகக் காணப்பட்டது.

உங்களை எவரும் கேட்கவில்லை என்கிறீர்கள். இதைச் சிறு மனக்குறையாக எண்ணி விட்டுவிடாதீர்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், தண்டனை பெற்றவருக்கு மன்னிப்போ தண்டனைக் குறைப்போ பரிசீலிக்கப்படும்போது பாதிக்கப்பட்டவர் அதுபற்றி அறிவித்தல் பெறுவதற்கும், அந்தக் குற்றம் தம் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று எடுத்துரைப்பதற்கும் இடம் கொடுத்தது. அதன் இடத்தில் இப்போது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. உங்கள் சட்டத்தரணி இதை மனுவில் தனிப் பந்தியாக எழுத வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும்: அவர் வந்தது பொதுமன்னிப்பில்தானா? நம் ஊரில் சிறையிலிருந்து யார் வந்தாலும் ‘ஜனாதிபதி விட்டுவிட்டார்’ என்றுதான் பேச்சு. 1976க்குப் பின்னர் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. மரண தண்டனைகள் பல ஆயுள் தண்டனையாகவும், பின்னர் குறித்த ஆண்டுகளாகவும் குறைக்கப்பட்டு, நன்னடத்தைக் கழிவோடு முடிவடைகின்றன. அப்படியானால் நீங்கள் எதிர்க்க வேண்டிய தீர்மானம் சில ஆண்டுகளுக்கு முன்னரே எடுக்கப்பட்டிருக்கலாம். ஒரு மாதக் கணக்கில் எதிர்த்தரப்பு பலமாகப் பிடிக்கும் இடம் அதுதான். மூன்றாவதாக, 2025 வெசாக்கின்போது நடந்ததைப் போல, ஜனாதிபதி அங்கீகரித்த பட்டியலில் பெயரே இல்லாத ஒருவர் மன்னிப்பின் பெயரால் சிறையிலிருந்து வெளியே அனுப்பப்பட்டிருக்கவும் கூடும். அப்போது 35ஆம் உறுப்புரைக்கே வேலை இல்லை. அது சிறைச்சாலை அதிகாரிகளின் செயல், பொலிஸ் விசாரணைக்கு உரிய குற்றம்.

எந்த வகை என்பதை அறிய, நீதி அமைச்சுக்கும் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகத்துக்கும் ஜனாதிபதி செயலகத்துக்கும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இன்றே விண்ணப்பியுங்கள். நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, அமைச்சரின் விதப்புரை, மன்னிப்புப் பத்திரம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் வரட்டும் என்று காத்திருக்க மட்டும் வேண்டாம்: தகவல் அலுவலர் முடிவெடுக்கப் பதினான்கு வேலை நாட்கள் எடுத்துக்கொள்ளலாம், உங்களிடம் அத்தனை நாட்கள் இல்லை. விண்ணப்பித்த பற்றுச்சீட்டை மனுவோடு இணைத்து, ஆவணங்களை முன்வைக்குமாறு எதிர்மனுதாரர்களுக்கு உத்தரவிடக் கோரலாம்.

இத்தகைய மனுவை மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தில் போட முடியாது. கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்துக்குத்தான் இந்த அதிகாரம். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (அரச அதிகாரிகளின் தீர்மானத்தை நீக்கும் ‘றிட்’ கட்டளை) கேட்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், 35ஆம் உறுப்புரை திறந்துவிட்ட வாசல் 126ஆம் உறுப்புரைக்கு மட்டுமே உரியது என்பதை நினைவில் வையுங்கள். எதிர்மனுதாரர்களாகச் சட்டமா அதிபரையும், நீதி அமைச்சரையும், சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகத்தையும், விடுதலையான அந்த மனிதரையும் பெயரிட வேண்டும். கடைசியாகச் சொன்னவரை விட்டுவிட்டால், தீர்ப்பால் சுதந்திரத்தை இழக்கப்போகிறவரைக் கேட்காமல் வழக்கை எப்படி நடத்துவது என்ற ஆட்சேபத்திலேயே மனு தள்ளுபடியாகலாம். இப்படி வீழ்ந்த நல்ல வழக்குகளை நான் கண்டிருக்கிறேன்.

இடைக்கால நிவாரணமாக, மன்னிப்பை இடைநிறுத்தவும் அவர் நாட்டைவிட்டு வெளியேறுவதைத் தடுக்கவும் கேளுங்கள். ‘றோயல் பார்க்’ வழக்கில் தீர்ப்பு வருவதற்குள் விடுதலையானவர் வெளிநாடு சென்றுவிட்டார். அவரைத் திருப்பிக் கொண்டுவர நடவடிக்கை எடுக்குமாறு சட்டமா அதிபருக்கு நீதிமன்றம் பணிக்க வேண்டியதாயிற்று.

ஒரு மாதத்துக்குள் மனுவை ஆயத்தப்படுத்த இயலாதுபோனால், அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்புப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு பதிவு செய்யுங்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலத்தை ஒரு மாதக் கணக்கிலிருந்து கழிக்கிறது. எனினும் முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது, உண்மையில் விசாரணை நடந்ததைக் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் இப்போது இறுக்கமாகக் கேட்கிறது. ஆகவே இதை இரண்டாவது வழியாக மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். பதவிக்காலம் காலவரையறையில் சேராது என்ற 35(2)ஐ நம்பி, ஜனாதிபதி பதவி விலகும் வரை காத்திருக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். அது அவருக்கே எதிராகத் தொடரப்படும் வழக்குகளுக்கானது. உங்கள் மனு சட்டமா அதிபருக்கு எதிரானது. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் வழக்கில் 2023 ஜனவரி மாதம் முன்னாள் ஜனாதிபதி ஒருவர் தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் செலுத்த உத்தரவிடப்பட்டதைக் காட்டி உங்களுக்கு யாராவது நம்பிக்கையூட்டலாம். அவர் எதிர்மனுதாரராகச் சேர்க்கப்பட்டது பதவி நீங்கிய பின்னர். அந்த வழக்குகளோ உரிய காலத்தில் தொடுக்கப்பட்டவை.

செலவு குறித்து: உங்கள் வருமானம் வரம்புக்குள் இருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட நிலையத்தை நாடலாம். போகும்போது மேல் நீதிமன்றத் தீர்ப்பு, மேன்முறையீட்டுத் தீர்ப்பு, தம்பியின் மரணச் சான்றிதழ், உங்கள் உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். தீர்ப்புகளின் பிரதி கையில் இல்லையென்றால் வழக்கு இலக்கம் இருந்தாலே தொடங்கிவிடலாம்.

வெல்லுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். மூன்று ஆவணங்களும் ஒழுங்காக இருந்து, வயது, நோய், சிறையில் கழித்த ஆண்டுகள் போன்ற காரணங்கள் எழுத்தில் பதிவாகியிருந்தால், நீதிமன்றம் தலையிடுவது கடினம். அவருக்குக் கருணை காட்டியது சரியா என்று அது புதிதாக ஆராயாது. முதற்கட்டத்தில் விசாரணைக்கு எடுக்க அனுமதி கிடைக்க வேண்டும்; கிடைத்த பின்னரும் மேலே சொன்ன துமிந்த சில்வா வழக்கு இரண்டரை ஆண்டுகளும் ‘றோயல் பார்க்’ வழக்கு நாலரை ஆண்டுகளும் எடுத்தன.

அதுவரை அந்த மனிதர் உங்கள் ஊரிலேயே நடமாடுவார். அவரோ அவருடைய உறவினரோ வழக்கைப் பற்றிப் பேச வந்தால் தனியாகப் பேச வேண்டாம். மிரட்டல் என்று படும் எதையும் அன்றன்றே திகதியோடு எழுதிவைத்து, பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பிரதி இடைக்கால உத்தரவு கேட்கும் அன்றைக்குப் பயன்படும். அயலவர் அவரைச் சந்தையில் கண்ட நாளையும், அதை உங்களிடம் சொன்ன நாளையும் இன்றிரவே ஒரு தாளில் குறித்து, அந்த அயலவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.