சர்க்காசியர்: திரும்பும் உரிமையும் ஒரே பெயரும்

ஐயா,

வணக்கம். சர்க்காசியர்களுக்கு நடந்தது இனப்படுகொலை என்று உக்ரைன் நாடாளுமன்றம் அறிவித்த செய்தியைப் படித்த பிறகுதான் இப்படி ஒரு மக்கள் இருப்பதே எனக்குத் தெரிந்தது. தேடிப் படித்தால் ஓரிடத்தில் அடிகே என்கிறார்கள், இன்னோரிடத்தில் செர்கெஸ், வேறோரிடத்தில் கபார்டியர். ரஷ்யாவுக்குள் அவர்களுக்கு மூன்று குடியரசுகள் இருக்கின்றன என்றால் சுயநிர்ணய உரிமை இல்லை என்று ஏன் சொல்கிறார்கள்? அவர்கள் கேட்பது தனிநாடா? மற்ற நாடுகள் அங்கீகரிப்பதால் நடைமுறையில் என்ன மாறும்? தமிழில் எழுதும்போது எந்தப் பெயரைப் பயன்படுத்துவது?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

நீங்கள் கடைசியில் கேட்டிருக்கும் பெயர்க் கேள்விதான் மற்ற எல்லாவற்றுக்கும் வாசல். ஆனால் அதைப் புரிந்துகொள்ள 1864இலிருந்து தொடங்க வேண்டும்.

தங்கள் மொழியில் அவர்கள் தங்களை அடிகே என்றே சொல்லிக்கொள்கிறார்கள். ஷாப்சுக், அப்சாக், நாதுகாய், ப்ஸெதுக், தெமிர்கோய், கபார்டியர் என்று பல பிரிவுகள் உண்டு. அவர்களின் பச்சைக் கொடியில் இருக்கும் 12 நட்சத்திரங்கள் இந்தப் பிரிவுகளைக் குறிப்பவை. கருங்கடலின் வடகிழக்குக் கரையும் குபான் ஆற்றுச் சமவெளியும், அங்கிருந்து கிழக்கே கபார்டா வரையிலும் அவர்கள் நிலம். இன்றைய வரைபடத்திலேயே அதைப் பார்க்கலாம். அவர்கள் மொழியில் ‘ப்ஸி’ என்றால் நீர். துவாப்ஸெ என்ற துறைமுக நகரத்தின் பெயருக்கு ‘இரண்டு நீர்’ என்று பொருள். ப்செகுப்ஸ் ஆற்றிலும் அதே சொல் ஒலிக்கிறது. ஆள்கள் போன பிறகும் ஆறுகள் அடிகே மொழியில்தான் ஓடுகின்றன.

1829இல் அட்ரியானோபிள் ஒப்பந்தத்தில் ஒட்டோமான் அரசு இந்தக் கரையை ரஷ்யாவுக்கு எழுதிக்கொடுத்தது. ஒட்டோமான்களிடம் இருந்தவை கரையோரத்தில் சில கோட்டைகள் மட்டுமே. மலைக்குள் அவர்கள் ஒருநாளும் ஆண்டதில்லை. தன்னிடம் இல்லாததை ஒருவர் கொடுக்க, இன்னொருவர் வாங்கிக்கொண்டார். மேற்குப் பகுதிச் சர்க்காசியர்களுக்கு ஒற்றை மன்னன் கிடையாது, ‘ஹாசெ’ எனப்படும் அவைதான் முடிவெடுக்கும். அதனால் ஒருவரைத் தோற்கடித்துக் கையெழுத்து வாங்கிப் போரை முடிக்க ரஷ்யாவால் முடியவில்லை. 1861இல் சோச்சிப் பக்கம் கூடிய அவை மூன்று மேற்குப் பிரிவுகளை ஒன்றாக்கி, வரி, படை, நீதி எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரையே நேரில் சந்தித்தார்கள். கிடைத்த பதில்: குபான் சமவெளிக்கு இறங்கி வாருங்கள், அல்லது துருக்கிக்குப் போங்கள்.

அதன் பிறகு நடந்ததற்குத் ரஷ்யத் தளபதி எவ்தோகிமோவின் திட்டம் பொறுப்பு. முறை எளியது. படை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நுழையும், காட்டை வெட்டிப் பாதை போடும், ஊர்களையும் தானியத்தையும் எரிக்கும். பின்னாலேயே கோசாக்குகள் (ரஷ்யப் பேரரசுக்காகப் போரிட்ட எல்லைக் குடியேறிகள்) குடியேற்றப்படுவார்கள். பிறகு அடுத்த பள்ளத்தாக்கு. எரித்தவற்றில் பெரும்பகுதி குளிர்காலத்து உணவு. போரில் இறந்தவர்களைவிடப் பசியிலும் நோயிலும் இறந்தவர்கள் அதிகம் என்பதற்கு இதுதான் காரணம். கடற்கரையில் வாரக்கணக்கில் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். அளவுக்கு மீறி ஏற்றிய படகுகளில் டைபஸ் காய்ச்சலும் பெரியம்மையும் பரவின. இறங்கிய துருக்கித் துறைமுகங்களான திரப்சோனிலும் சாம்சூனிலும் அதே நோய் ஊரையே தின்றது. ரஷ்ய அதிகாரி பெர்ழே சேர்த்த கணக்கில் 1858 முதல் 1865 வரை வெளியேறியவர்கள் சுமார் 4,93,000 பேர். எழுதப்படாமல் படகேறியவர்களும், கரைக்கு வந்து சேராமலே இறந்தவர்களும் இந்தக் கணக்கில் இல்லை. நாடுகடத்தலுக்கு அவர்கள் மொழியில் உள்ள சொல் ‘இஸ்தம்பிலாகுவெ’, அதாவது ‘இஸ்தான்புல் போதல்’.

மலைக்குள் க்பாதா என்ற புல்வெளியில் நான்கு ரஷ்யப் படைப்பிரிவுகள் சந்தித்து வெற்றி அணிவகுப்பு நடத்தின. பழைய நாட்காட்டியில் அன்று 1864 மே 21. இன்றைய நாட்காட்டியில் அது ஜூன் 2. ஆனாலும் எல்லா நாடுகளிலும் சர்க்காசியர் துக்கநாளாக வைத்திருப்பது மே 21தான். க்பாதாவின் இன்றைய பெயர் கிராஸ்னயா பொல்யானா. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்த இடம். சரியாக 150ஆம் ஆண்டில் அங்கே கொண்டாட்டம் என்றதும் ஏன் அவ்வளவு கொதித்தார்கள் என்பது இப்போது புரியும்.

இனி உங்கள் ‘மூன்று குடியரசுகள்’ கேள்வி. சோவியத் ஆட்சி எஞ்சியிருந்தவர்களைத் தனித்தனி நிர்வாகப் பிரிவுகளில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுத்தது. அடிகேயாவில் இருப்பவர் அடிகே, கராசாய்-செர்கெசியாவில் இருப்பவர் செர்கெஸ், கபார்டினோ-பல்காரியாவில் இருப்பவர் கபார்டியர், கருங்கடல் கரையில் மிஞ்சியவர் ஷாப்சுக். ஷாப்சுக்குகளுக்கு 1924இல் தந்த சிறு தேசிய மாவட்டத்தையும் 1945இல் கலைத்துவிட்டார்கள். அதன் இடத்தில் இருக்கும் ஊருக்கு லாசரெவ்ஸ்கோயே என்று பெயர். அந்தக் கரையில் ரஷ்யப் படையை இறக்கிய அட்மிரலின் பெயர் அது.

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கபார்டியர் 5,16,826, அடிகே 1,24,835, செர்கெஸ் 73,184, ஷாப்சுக் 3,882. கூட்டினால் 7,18,727. காகிதத்தில் நான்கு சிறு இனங்கள், உண்மையில் ஏழு லட்சம் பேர் கொண்ட ஒரே மக்கள். கணக்கெடுப்பில் எல்லோரும் ஒரே பெயராகச் ‘செர்கெஸ்’ என்று எழுதுங்கள் என்ற இயக்கம் இதிலிருந்துதான் வந்தது.

கேட்க எளிதாக இருக்கும் இதில் ஒரு பொறி உண்டு. அடிகேயாவைச் சுற்றி நான்கு பக்கமும் கிராஸ்னதார் மாகாணம். அங்கே அடிகேக்கள் கால்வாசிப் பேர்தான். 2005 வாக்கில் அதைக் கிராஸ்னதாரோடு இணைக்கும் பேச்சு எழுந்து, கடும் எதிர்ப்பால் நின்றது. இந்த நிலையில் அடிகேயாவில் இருப்பவர் ‘செர்கெஸ்’ என்று எழுதினால் ‘அடிகே’ எண்ணிக்கை குறையும். பெயருக்குரிய இனமே இத்தனை பேர்தானா, குடியரசு எதற்கு என்று கேட்க அது வசதியாகிவிடும். ஒன்றாக எண்ணப்படுவதும், இருக்கும் சிறு நிலத்தைக் காப்பதும் ஒன்றோடொன்று மோதுகிற நிலை இது. என் கருத்தில் ஒரே பெயர் என்பது சரியான கோரிக்கைதான். ஆனால் மூன்று குடியரசுகளிலும் ஒரே சமயத்தில், சட்டப் பாதுகாப்போடு வராவிட்டால் அடிகேயாதான் முதலில் அடிவாங்கும்.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. தாயகத்தில் இருப்பவர்களைவிடப் பல மடங்கு பேர் வெளியே இருக்கிறார்கள்: பெரும்பகுதி துருக்கியில், பிறகு சிரியா, ஜோர்தான், ஐரோப்பா, இஸ்ரேலில் க்ஃபார் காமா, ரெஹானியா என்ற இரண்டு ஊர்கள். சோச்சியிலும் துவாப்ஸெயிலும் இன்று வாக்கெடுப்பு நடத்தினால் அங்கே சர்க்காசியர் ஒரு கைப்பிடி. அதனால்தான் சுயநிர்ணயம் பேசும் அனுபவசாலிகள் எல்லையிலிருந்து தொடங்குவதில்லை, திரும்பும் உரிமையிலிருந்து தொடங்குகிறார்கள்.

அது நடைமுறையில் எங்கே சிக்குகிறது என்று பாருங்கள். துருக்கியின் கைசேரியில் பிறந்த ஒரு சர்க்காசியர், கபார்டினோ-பல்காரியாவின் தலைநகரான நால்சிக்கில் குடியேற விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். விசாவில் வந்து தற்காலிகக் குடியிருப்பு அனுமதி கேட்க வேண்டும். அது பொதுவாக மாகாண வாரியான ஆண்டு ஒதுக்கீட்டில் வரும்; ஒதுக்கீடு தீர்ந்தால் அடுத்த ஆண்டுதான். அனுமதி மூன்று ஆண்டுக்குச் செல்லும். அதற்குள் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி வாங்க வேண்டும். அதன் பிறகு பொது வழியில் ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்தால்தான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். துருக்கியில் வயதான பெற்றோரைப் பார்க்கப் போய் நாட்கள் நீண்டால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். வழியில் ரஷ்ய மொழித் தேர்வு வேறு. கபார்டிய மொழி அந்தக் குடியரசின் அரச மொழிகளில் ஒன்று. அதைத் தாய்மொழியாகச் சரளமாகப் பேசுகிறவர் ரஷ்யன் தெரியாததால் தோற்றுவிடுகிறார். பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும் என்ற நிபந்தனை 2020இல் நீங்கியது மட்டும் ஒரு நல்ல மாற்றம்.

சட்டத்தில் வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. வெளிநாட்டில் வாழும் ‘தாய்நாட்டவர்’ பற்றிய 1999ஆம் ஆண்டுச் சட்டம், வரலாற்றில் ரஷ்ய நிலப்பரப்பில் வாழ்ந்த மக்களின் வழித்தோன்றல்களையும் அந்தச் சொல்லுக்குள் சேர்க்கிறது. சர்க்காசியர் இதில் அடங்காவிட்டால் வேறு யார் அடங்குவார்கள்? ஆனால் அந்தச் சொல் தானாக எந்த அனுமதியையும் தருவதில்லை. 2011க்குப் பிறகு சிரியப் போரிலிருந்து தப்ப நினைத்தவர்களில் சிறு பகுதியினரே தாயகம் வந்து சேர முடிந்தது. வந்தவர்களிலும் பலர் காகித வேலையில் களைத்துத் திரும்பிப் போனார்கள். அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு 1998 சாட்சி. கோசோவோவில் இருந்த சர்க்காசியக் குடும்பங்களை மாஸ்கோவே தனி ஆணை போட்டு அழைத்துவந்தது. அடிகேயாவின் தலைநகர் மைகோப் அருகே மாஃபெஹாப்ல் என்ற புது ஊர் அவர்களுக்காக எழுந்தது.

மொழி விஷயத்திலும் இதே கதைதான். 2018 முதல் ரஷ்யாவின் குடியரசுகளில் உள்ளூர் மொழிப் பாடம் பெற்றோர் எழுதிக் கேட்டால் மட்டும். துருக்கியில் 2012 முதல் விருப்பப் பாடமாக வாரம் இரண்டு மணிநேரம் படிக்கலாம், ஆனால் ஒரு பள்ளியில் குறைந்தது 10 பிள்ளைகள் சேர வேண்டும். கிராமத்தை விட்டு இஸ்தான்புல்லுக்குப் போய்ச் சிதறிய குடும்பங்களில் ஒரே பள்ளியில் 10 பேரைத் திரட்டுவது பெரும்பாடு. திரட்டினாலும் ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்தா, துருக்கி மொழிக்குரிய லத்தீன் எழுத்தா என்ற சண்டை. எழுத்திலேயே இன்னொரு சின்னத் தொல்லை உண்டு. அடிகே எழுத்துமுறையில் ‘பாலொச்கா’ என்று நிமிர்ந்த ஒற்றைக் கோடு ஒன்று தனி எழுத்தாக வரும். பெரும்பாலான விசைப்பலகைகளில் அது கிடையாது. ஒருவர் எண் ஒன்றைத் தட்டுகிறார், இன்னொருவர் ஆங்கில ‘ஐ’ எழுத்தை. கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான், தேடுபொறிக்கு மூன்றும் வேறு வேறு சொல். ஏற்கெனவே குறைவாக இருக்கும் இணைய உரை இப்படி மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. இவர்களின் நெருங்கிய உறவான உபிக் மொழி, 80க்கும் மேற்பட்ட மெய்யொலிகள் கொண்டது, 1992இல் துருக்கியில் தெவ்ஃபிக் எசென்ச் என்ற முதியவரோடு முடிந்துபோனது. தங்கள் மொழிக்கும் அதுதான் காத்திருக்கிறதோ என்ற பயம் வீண்பயம் இல்லை.

அங்கீகாரத்துக்கு வருவோம். கபார்டினோ-பல்காரியாவின் நாடாளுமன்றம் 1992இலேயே இனப்படுகொலை என்று அறிவித்தது. 1994இல் ரஷ்ய அதிபர் யெல்த்சின், ஜார் படைகளை எதிர்த்தது நியாயமான போராட்டம் என்று ஒப்புக்கொண்டார், இனப்படுகொலை என்ற சொல்லை மட்டும் ஏற்கவில்லை. ஜார்ஜியா 2011 மே 20இல் அங்கீகரித்தது, உக்ரைன் 2025 ஜனவரி 9இல். இரண்டுமே ரஷ்யாவோடு போரைக் கண்ட பிறகு எழுந்த குரல்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதனால் அறிவிப்பு பொய்யாகிவிடாது. ஆனால் அந்தத் தீர்மானங்களால் நால்சிக்கில் ஒரு குடியிருப்பு அனுமதிகூட கூடுதலாகக் கிடைக்காது. அங்கீகாரம் பயன்பட வேண்டுமானால் அது மாஸ்கோவில் நடக்க வேண்டும். தவறு ஒப்புக்கொள்ளப்பட்டால்தான் திரும்புதல் என்பது சலுகை என்ற நிலை மாறிக் கடனாகும்.

தனிநாடு கேட்கிறார்களா? 2022இல் ரஷ்யா உக்ரைன் மீது முழுப் போர் தொடுத்த பிறகு புலம்பெயர்ந்தோரில் ஒரு பகுதி வெளிப்படையாகக் கேட்கிறது. தாயகத்தில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்பதை அளக்க வழியில்லை, ஏனெனில் பிரிவினைக்கு அழைப்பு விடுப்பது 2014 முதல் அங்கே சிறைக்குரிய குற்றம். அந்த மௌனத்தைச் சம்மதம் என்றும் எடுக்கக் கூடாது, மறுப்பு என்றும் எடுக்கக் கூடாது. வெளியிலிருந்து வரைபடம் வரைபவர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. கபார்டியர்களோடு அதே குடியரசில் வாழும் பல்கார்களும், செர்கெஸ்களோடு வாழும் கராசாய்களும் 1943-44இல் ஸ்டாலினால் மொத்தமாக நாடுகடத்தப்பட்டு 1957இல் திரும்பியவர்கள். நிலம் பறிபோன வலி அவர்களுக்கும் உண்டு. கிரிமியப் படையைக் கபார்டியர் வென்ற 1708ஆம் ஆண்டுக் கன்ஜால் போரின் 310ஆம் ஆண்டை நினைவுகூரக் கபார்டியக் குதிரைவீரர்கள் போனபோது, பல்கார்களின் கெந்தெலென் ஊரில் 2018இல் மோதலே வெடித்தது. அவர்களோடு முதலில் பேசி முடிக்காமல் வரையும் எந்தக் கோடும் அடுத்த அநீதியில்தான் போய் முடியும்.

கடைசியாகப் பெயர். மொத்த மக்களையும் குறிக்கத் தமிழில் ‘சர்க்காசியர்’ என்று எழுதுங்கள். ‘அடிகே’ என்று எழுதினால், அது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் படிப்பவர் அடிகேயாவில் இருப்பவர்களை மட்டும் நினைப்பார். ‘செர்கெஸ்’ என்ற சொல்லில்தான் கவனம் வேண்டும். ரஷ்யச் செய்தியில் வந்தால் பெரும்பாலும் கராசாய்-செர்கெசியாவில் இருப்பவர்கள் மட்டும். துருக்கிச் செய்தியில் வந்தால் மொத்தச் சர்க்காசியர், சில சமயம் அப்காசியர் முதலான பிற காக்கசஸ் மக்களும் சேர்த்து. மூலச் செய்தி எந்த ஊரிலிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.