வடிகாலில் விழுவது எங்கே போகிறது? கேள்வி பதில்

சிங்கப்பூரில் வடிகால் கட்டும் வேலையில் 26 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன் நான். தண்ணீர் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஈசூன், தொடக்கக்கல்லூரி மாணவி: ஐயா, புவியியல் பாடத்துக்காக ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில், அதாவது பெய்யும் மழை ஒரே நீர்த்தேக்கத்தில் போய்ச் சேரும் நிலத்தில், எதை முதலில் செய்யவேண்டும் என்று வரிசைப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

வரைபடத்தை மூடி வைத்துவிட்டு, மழை விட்ட கையோடு ஒரு கால்வாய் ஓரமாக நடந்து பாரும்மா. தண்ணீர் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் ஓடினால் மேலே எங்கோ கட்டுமானத் தளத்து மண் கரைந்து வருகிறது. தளத்திலிருந்து வெளியேறும் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மண்துகள் இருக்கக்கூடாது என்பது விதி. எண்ணெய் மினுமினுத்தால் சமையலறையோ பட்டறையோ காரணம். நுரை என்றால் யாரோ கார் கழுவியிருக்கிறார். ஒவ்வொன்றையும் குறித்துக்கொள். நீர்த்தேக்கத்துக்குள் போனபின் எதை வெளியே எடுப்பது கடினமோ, அது பட்டியலில் மேலே ஏறும்.

என் வரிசை இது: முதலில் அழுக்கைப் புறப்படும் இடத்திலேயே நிறுத்துவது, அப்புறம் வெள்ளம், அதற்கப்புறம் கூடுதல் சேமிப்பு, அழகு கடைசி. இடத்துக்கு இடம் இது மாறும். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிக் காடு. அங்கே அந்தக் காட்டைத் தொடாமலிருப்பதே பெரிய வேலை. மரினா நீர்ப்பிடிப்புப் பகுதியோ 10,000 ஹெக்டேர், தீவில் ஆறில் ஒரு பங்கு. ஆர்ச்சர்ட் ரோடு, தோ பாயோ, லிட்டில் இந்தியா எல்லாம் அதற்குள் அடக்கம். அங்கே வீடும் கடையும்தான் காடு!

1977ல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ, பத்து ஆண்டில் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் சுத்தமாக்கச் சொன்னார். பன்றிப் பண்ணைகள், தெருவோர உணவுக் கடைகள், கரையோரக் குடிசைகள் எல்லாம் இடம் மாறின. அந்தத் தண்ணீர் கடலில் கலக்கும் இடத்தை அடைத்து நீர்த்தேக்கமாக்கிய மரினா அணைக்கட்டு திறந்தது 2008ல்தான். வரிசையைத் தலைகீழாக்கி அணையை முதலில் கட்டியிருந்தால், நகர் நடுவே பெரிய சாக்கடைக் குளம் கிடைத்திருக்கும்.

தேக்கா கடைக்காரர்: அண்ணே, பல வருடமாகத் தரை கழுவிய தண்ணீரைக் கடைக்குப் பின்னால் வடிகாலில்தான் ஊற்றுகிறோம். எல்லாம் ஒரே சாக்கடைதானே?

இல்லை தம்பி, இரண்டும் வேறு வேறு. கழிவறை, கழுவுதொட்டித் தண்ணீர் பாதாளக் குழாயில் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது; அதில் ஒரு பகுதிதான் மறுபடி சுத்திகரிக்கப்பட்டுப் புதுநீராகிறது. திறந்த வடிகாலில் ஊற்றுவது ரோச்சோர் கால்வாய் வழியாக மரினா நீர்த்தேக்கத்துக்குப் போய்விடும். நீங்கள் மீன் கழுவிய தண்ணீர், வழியில் எந்த ஆலையும் பார்க்காமல்! கடைக்குள் தரையில் இருக்கும் கழிவுநீர்த் துவாரத்துக்குத் தள்ளிக் கழுவுங்கள். வடை சுட்ட எண்ணெயை மட்டும் அதிலும் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். டின்னில் சேர்த்து வைத்தால் எடுத்துப்போக ஆள் வருவார்கள்.

பீஷான் வாசகர்: எங்கள் பூங்காவில் நன்றாக இருந்த கான்கிரீட் கால்வாயை உடைத்து ஆறாக்கினார்களே, தேவையா?

கான்கிரீட் போட்டே பழகிய கை என்பதால் எனக்கும் முதலில் மனம் ஒப்பவில்லை. 2.7 கிலோமீட்டர் நேர்க் கால்வாய், 2012ல் 3.2 கிலோமீட்டர் வளைந்த ஆறானது. பெருமழையில் தண்ணீர் புல்வெளி மேல் பரவி நிதானமாக இறங்குவதைப் பார்த்தபிறகுதான் வாயை மூடிக்கொண்டேன். நீர்நாய்களும் வந்துவிட்டன, பக்கத்தில் கொய் மீன் வளர்ப்பவர்களைத்தான் பாவம் என்று சொல்லவேண்டும்.

உட்லண்ட்ஸ் வாசகி: புதுநீரும் கடல்நீர் ஆலையும் இருக்கும்போது மழைநீருக்கு ஏன் இவ்வளவு பாடு?

மின்சாரச் செலவுக்காகத்தான் அம்மா. ஒரு கன மீட்டர் கடல்நீரைக் குடிநீராக்க ஏறக்குறைய 3.5 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். மழை, ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர், சும்மா கொட்டுகிறது. அதற்காக மழையை மட்டும் நம்பவும் முடியாது: 2016ல் மலேசியாவின் ஜோகூரில் இருக்கும் லிங்கியூ நீர்த்தேக்கம் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஜோகூரிலிருந்து நாம் தண்ணீர் எடுக்கும் ஒப்பந்தமும் 2061ல் முடிகிறது. அதனால்தான் மரினா ஈஸ்ட்டில் ஓர் ஆலை, மழை பெய்தால் நீர்த்தேக்கத்து நீரையும் காய்ந்தால் கடல்நீரையும் சுத்திகரிக்கும்படி கட்டப்பட்டிருக்கிறது.

தெம்பனிஸ் தாத்தா: மழைநீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாமா?

தாராளமாக, ஐயா. அன்றைக்கே ஊற்றிவிட்டு வாளியைக் கவிழ்த்து வையுங்கள். இல்லாவிட்டால் டெங்கிக் காய்ச்சல் பரப்பும் ஏடிஸ் கொசு குடியேறி, அபராதச் சீட்டும் வீடு தேடி வரும்.