ஓராண்டு லேப் படிப்பில் சேரலாமா?

கேள்வி: ப்ளஸ் டூவில் உயிரியல் பிரிவில் தேறியிருக்கிறேன். பக்கத்து ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் ஓராண்டு லேப் டெக்னீஷியன் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. சம்பா நெல் விற்ற பணத்தில் கட்டணம் கட்டிவிடலாம் என்கிறார் அப்பா, "அதெல்லாம் ஒரு காலேஜா?" என்கிறார் மாமா. நான் சேரலாமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி வட்டம்

பதில்: பெயரை வைத்து உங்கள் மாமா அந்தக் கல்லூரியை இளப்பமாக நினைக்க வேண்டியதில்லை. 1995-இல் புதுச்சேரியிலும் அடுத்த ஆண்டு சென்னையிலும் தொடங்கிய சமுதாயக் கல்லூரிகள், பட்டப் படிப்புக்கு வழியில்லாத பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத் தருவதற்கென்றே உருவானவை.

என் கவலையெல்லாம் அந்த 'ஓராண்டு' பற்றியதுதான். மருத்துவம் சார்ந்த பணியாளர்களுக்காக 2021-இல் இயற்றப்பட்ட தேசிய ஆணையச் சட்டம், அவர்களுக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரம் படித்துப் பெற்ற பட்டயமோ பட்டமோ வேண்டும் என்கிறது. ஓராண்டுச் சான்றிதழ் அந்த வரையறைக்குள் வராது. ஆகவே அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் இரண்டாண்டு டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்ப) பட்டயப் படிப்புக்கு முதலில் விண்ணப்பியுங்கள். தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் நேரில் போய் விசாரியுங்கள்.

இடம் கிடைக்காமல் போனால் சமுதாயக் கல்லூரியில் சேரலாம். ஆனால் பணம் கட்டுமுன், சான்றிதழ் யார் பெயரில் வரும், பயிற்சி எந்த மருத்துவமனை ஆய்வகத்தில், எத்தனை மாதம் என்பதைக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பழைய அறிவிப்பு ஒன்றில் கல்வித் தகுதிப் பகுதியையும் வரி விடாமல் படியுங்கள்.

பயிற்சியை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. நாளெல்லாம் நடவு வயலில் குனிந்து நின்றுவிட்டுக் காய்ச்சலோடு வரும் ஓர் அம்மாவின் முழங்கை மடிப்பில், கண்ணுக்குத் தெரியாத இரத்த நாளத்தை விரல் நுனியால் தடவிக் கண்டுபிடிப்பதும், எடுத்த இரத்தத்தை, உறையாமல் தடுக்கும் மருந்துள்ள ஊதா மூடிக் குழாயில் விட்டு எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துவதும் கை பழகினால்தான் வரும். வேகமாகக் குலுக்கினால் சிவப்பணுக்கள் உடையும்; கலக்காமல் விட்டால் இரத்தம் உறைந்து, தட்டணுக்கள் (பிளேட்லெட்) உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். டெங்குவும் எலிக்காய்ச்சலும் வரும் நம் பகுதியில், நோயாளியை இங்கேயே வைத்துப் பார்ப்பதா, தஞ்சாவூருக்கு அனுப்புவதா என்று மருத்துவர் முடிவெடுக்கும்போது அந்த எண்ணிக்கையையும் நம்பித்தான் எடுக்கிறார்.

பயிற்சி தரும் ஆய்வகத்தை ஒரு நாள் காலையில், இரத்தம் எடுக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். மாமாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.